மணிமேகலையைப் பிழைக்க வைத்தேன்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில், கோடு போட்ட எண்பது பக்க நோட்டு ஒன்றில், கடம்பூர் மணிமேகலையை நான் பிழைக்க வைத்தேன்.

கும்பகோணத்தில் பெரியம்மா வீட்டு மர பீரோவில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் இருந்தது. கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. பத்திரிகையில் மறுபடி தொடராக வந்தபோது வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்தது. சில பக்கங்களில் ராமபாணம் ஓட்டை போட்டிருந்தது. நடுவில் ஓர் அத்தியாயமே காணோம். பெரியம்மாவைக் கேட்டால் விட்டுப்போன கதையை வாயாலேயே சொல்வார்.

கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள்? அண்ணன் கந்தமாறன் வாய் ஓயாமல் தன் நண்பனைப் பற்றிப் பேசினான், அதைக் கேட்டுக் கேட்டு மனசைக் கொடுத்தாள். அதற்குச் சாவா? எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. இவளுக்கு மட்டும் கிடைத்தது ஒரு மடி, அதுவும் கடைசி நிமிஷத்தில்.

என் நோட்டில் அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். கொடுத்தாயிற்று. அப்புறம்தான் சிக்கல். வந்தியத்தேவனுக்குக் கட்டிவைக்க முடியாது, குந்தவை இருக்கிறாள். கடம்பூருக்குத் திருப்பி அனுப்பவும் எனக்கு மனசில்லை, அந்த அரண்மனையில் அவள் பட்டதெல்லாம் போதும். இரண்டு நாள் யோசித்தேன். பூங்குழலி ராணியாகிவிட்டாள், அவளுடைய படகு கோடிக்கரையில் சும்மாதானே கிடக்கும்? மணிமேகலையைக் கோடிக்கரைக்கு அனுப்பிவிட்டேன். அவள் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டாள். கை காய்த்துப்போனது. நாற்பத்து மூன்று பக்கம் எழுதினேன். அதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது.

நான் செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரியவே பல வருஷம் ஆயிற்று. ஃபேன்ஃபிக்ஷன். இன்னொருவர் படைத்த ஆட்களை எடுத்துக்கொண்டு, காசு எதிர்பார்க்காமல், நமக்காகவும் நம்மைப் போன்றவர்களுக்காகவும் மேலே எழுதுவது. எழுதுகிறவர்கள் ‘ஃபிக்’ என்று செல்லமாகச் சொல்கிறார்கள். அதிலேயே ‘ஃபிக்ஸ்-இட்’ என்று ஒரு தனி வகை இருக்கிறது, மூலக்கதையில் நடந்த அநியாயத்தைச் சரி செய்கிற கதை. அந்த வார்த்தையை முதன்முதலாகப் படித்தபோது நோட்டு எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை.

ஏன் எழுதுகிறார்கள் என்றால், கதை முடிந்தபிறகும் கேள்வி முடியாததால்தான். இது கல்கிக்கே தெரிந்திருந்தது. 1950-ல் ஆரம்பித்த தொடரை 1954-ல் முடித்த கையோடு ஒரு முடிவுரை எழுதினார். குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆயிற்றா, நந்தினி என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்கக்கூடியதையெல்லாம் அவரே அதில் எடுத்துப் போட்டுப் பதில் சொன்னார். அதே வருஷம் டிசம்பரில் அவர் காலமானார். கேள்விகள் நிற்கவில்லை. பின்னாளில் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதிக் கதையைத் தொடர்ந்தார். 2022-லும் 2023-லும் படம் இரண்டு பாகமாக வந்ததே, அதற்குப் பிறகு இணையத்தில் கல்லூரிப் பிள்ளைகள் எழுதிக் குவித்தார்கள். ஆதித்த கரிகாலன் சாகாத கதை, நந்தினியும் கரிகாலனும் பழையாறையில் சின்ன வயதில் பேசிக்கொண்ட கதை, எல்லாரும் சென்னையில் ஐடி வேலை பார்க்கிற கதை. படத்தில் மணிமேகலை இல்லவே இல்லை. எனக்கு அது இரண்டாவது சாவு மாதிரி இருந்தது.

கம்பன் செய்ததும் இதுதானே என்று பலர் சொல்வதுண்டு. மிதிலையில் ராமனும் சீதையும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்ளும் காட்சி வால்மீகியில் இல்லை, கம்பன் சேர்த்தது. புதுமைப்பித்தன் 1943-ல் ‘சாபவிமோசனம்’ எழுதினார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் ராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல்கூடப் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று கதைக்கு மேலேயே ஒரு குறிப்பும் போட்டார். இந்தக் காலத்து ஃபிக் எழுதுகிற பெண்கள் கதைக்கு மேலே போடும் குறிப்பு அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். ஆனாலும் இதையெல்லாம் ஃபேன்ஃபிக் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. வால்மீகி பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து படித்துவிட்டு வருத்தப்படப் போவதில்லை. ராமன் ஊர்ப் பொதுச்சொத்து. ஃபேன்ஃபிக்கில் இருக்கும் நடுக்கமே வேறு. ஆட்களைப் படைத்தவர் ஒருவர் எங்கோ உயிரோடு இருக்கிறார், அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்று பயந்துகொண்டே எழுதுகிறோம்.

படிக்கிறவர்கள் ஏன் படிக்கிறார்கள்? எங்கள் பக்கம் கூத்து நடந்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். திரௌபதி கூந்தல் முடிவாளா மாட்டாளா என்று தெரியாமலா உட்காருகிறார்கள்? அவளை மறுபடி பார்க்கத்தான். ஃபிக் படிப்பதும் அந்த ஆசைதான். புதிதாக ஒரு கதை எழுதினால், அந்தப் பெண் யார், எந்த ஊர், ஏன் தூங்காமல் கிடக்கிறாள் என்று சொல்லவே பத்துப் பக்கம் வேண்டும். ஃபிக்கில் ‘குந்தவை அன்று இரவு தூங்கவில்லை’ என்று ஆரம்பித்தால் போதும். அண்ணன், தம்பி, ஈழத்துக் கடல், கடம்பூர் மாளிகை எல்லாம் அந்த நான்கு வார்த்தைக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். வாசகியின் மனசில் ஏற்கெனவே ஒரு வீடு கட்டியிருக்கிறது, எழுதுகிறவள் கதவைத் தட்டினால் சரி. இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அடித்தளம் தயாராக இருப்பதால்தான் ஒரு பெண்ணின் ஒரே ஒரு ராத்திரியை மட்டும் எடுத்துக்கொண்டு இருபது பக்கம் எழுத முடிகிறது. மூலக்கதைக்கு அதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை. அது போருக்குப் போகவேண்டும்.

கதையில் ஓரமாக நிறுத்தப்பட்டவர்கள்தான் இதை அதிகம் எழுதியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடருக்கு 1967-ல் ‘ஸ்பாக்கனேலியா’ என்று ரசிகைகள் ஒரு இதழ் தயாரித்தார்கள். தாங்களே அச்சடித்துத் தபாலில் அனுப்பிய இதழ். அதன்பின் வந்த அப்படிப்பட்ட இதழ்களில் எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். எழுபதுகளில் அந்தத் தொடரின் இரண்டு ஆண் நாயகர்களான கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் காதலர்கள் என்று எழுதத் தொடங்கியவர்களும் அவர்கள்தான். தொலைக்காட்சியில் அப்படி ஒரு காதலைக் காட்டும் நாள் அப்போது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. 2009-ல் ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்று ரசிகர்களே ஒரு பெரிய இணையக் களஞ்சியம் திறந்தார்கள். விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. 2019-ல் அதற்கு அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹியூகோவைக் கொடுத்தார்கள். அப்போதே அங்கே சுமார் 50 லட்சம் படைப்புகள் இருந்தன.

சரி, ஆசிரியர்கள்?

ஆர்தர் கானன் டாயிலுக்கு ஷெர்லாக் ஹோம்ஸைக் கண்டாலே அலுப்பு. தான் எழுத நினைத்த பெரிய சரித்திர நாவல்களுக்கு இந்த ஆள் குறுக்கே நிற்கிறான் என்று நினைத்தார். தீர்த்துக்கட்டப் போகிறேன் என்று 1891-லேயே அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மா கூடாது என்று தடுத்துவிட்டார். ஒரு மகனின் கதாபாத்திரத்தை அவனிடமிருந்தே காப்பாற்றிய அந்த அம்மாவை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் 1893-ல் டாயில் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டார். பிறகு அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட், ஹோம்ஸை வைத்து ஒரு நாடகம் போட நினைத்து, அவருக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா என்று தந்தி அடித்துக் கேட்டார். கல்யாணம் செய்துவையுங்கள், கொன்றுபோடுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று டாயில் பதில் அனுப்பினார். அவரும் நண்பர் ஜே. எம். பேரியும் சேர்ந்து எழுதிய ஒரு இசை நாடகம் தோல்வியடைந்தபோது, பேரி ஆறுதலாக ஒரு குட்டி ஹோம்ஸ் கதையைத் தன் புத்தகத்தின் வெற்றுத்தாளில் எழுதிக் கொடுத்தார். டாயில் அதைத் தன் சுயசரிதையில் அப்படியே போட்டு, இதுவரை வந்ததிலேயே சிறந்தது என்று மெச்சியிருக்கிறார்.

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டெஸ் அப்படி இல்லை. ‘டான் க்விக்ஸோட்’ முதல் பாகம் 1605-ல் வந்தது. இரண்டாம் பாகத்தை அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1614-ல், அவெய்யனேடா என்ற புனைபெயரில் எவனோ ஒருவன் தானாகவே ஒரு இரண்டாம் பாகம் எழுதி அச்சிட்டுவிட்டான். அதோடு விட்டானா, முன்னுரையில் செர்வாண்டெஸின் வயதையும் ஊனமான கையையும் கேலி வேறு செய்திருந்தான். அந்தக் கை போரில் போன கை.

கிழவர் என்ன செய்தார் என்பதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும். அடுத்த வருஷம் வந்த அவருடைய இரண்டாம் பாகத்தில், க்விக்ஸோட் ஒரு சத்திரத்தில் தங்குகிறார். பக்கத்து அறையில் இரண்டு பேர் அந்தப் போலிப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது. அதில் க்விக்ஸோட் சரகோசாவுக்குப் போவதாக எழுதியிருக்கிறது என்று தெரிந்ததும், அப்படியானால் அந்த ஊரில் காலே வைக்கமாட்டேன் என்று பார்சிலோனா பக்கம் திரும்பிவிடுகிறார். அந்தப் புத்தகம் பொய் என்று நிரூபிக்கத்தான். கடைசியில் போலிப் புத்தகத்தில் வரும் ஆல்வாரோ தார்ஃபே என்ற ஆளையே செர்வாண்டெஸ் தன் கதைக்குள் கொண்டுவந்து, ‘நான் முன்பு பார்த்த க்விக்ஸோட் இவர் இல்லை’ என்று அதிகாரி முன்னால் எழுதிக் கொடுக்க வைக்கிறார். தன் ஆளைத் திருடியவனிடமிருந்து ஒரு ஆளைத் திருடினார். அப்புறம், இனி எவனும் தொட முடியாதபடி க்விக்ஸோட்டைக் கட்டிலில் படுக்கவைத்துச் சாகடித்தார். உலகத்தின் முதல் பெரிய நாவல்களில் ஒன்றின் இரண்டாம் பாகத்தில் இவ்வளவு காயமும் இவ்வளவு விளையாட்டும் சேர்ந்திருக்கிறது. அந்தத் திருட்டு நடக்காமல் இருந்திருந்தால் அந்தப் பக்கங்களே நமக்குக் கிடைத்திருக்காது.

ஆன் ரைஸ் விஷயத்தில் மட்டும் நான் ரொம்ப நாள் தவறாக நினைத்திருந்தேன். ரத்தக்காட்டேரிக் கதைகள் எழுதிப் பெயர் பெற்ற அமெரிக்க எழுத்தாளர். 2000-ல் தன் ஆட்களை வைத்து யாரும் ஃபேன்ஃபிக் எழுதக்கூடாது, நினைத்தாலே எனக்குத் தாங்க முடியவில்லை, சொந்தமாக ஆட்களைப் படைத்து எழுதுங்கள் என்று வெளிப்படையாக அறிவித்தார். ரசிகர் தளங்களிலிருந்து கதைகள் அகற்றப்பட்டன. கோடி கோடியாகச் சம்பாதித்தவருக்கு, பத்துப் பேர் படிக்கிற கதையால் என்ன நஷ்டம் என்று எனக்குக் கோபமாக வந்தது.

பிறகுதான் அவருடைய மகளைப் பற்றிப் படித்தேன். மிஷேல். ரத்தப் புற்றுநோயில் 1972-ல், ஆறு வயது நிறைவதற்கு முன்பே போய்விட்ட குழந்தை. அதற்கு அடுத்த வருஷம்தான் ரைஸ் தன் முதல் நாவலை எழுதினார். அதில் கிளாடியா என்று ஒரு குழந்தை வருகிறாள். சாகும் தறுவாயில் இருந்தவளைக் காட்டேரியாக்கிக் காப்பாற்றுகிறார்கள். அவள் வளரவே மாட்டாள், வயது அப்படியே நின்றுவிடும். எழுதும்போது அது தன் மகள் என்று தனக்கே தெரியவில்லை என்று ரைஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்த அன்று என் கோபம் போய்விட்டது. முகம் தெரியாத யாரோ அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் எதையோ பேச வைத்தால், எந்தத் தாய் பொறுப்பாள்? ரைஸ் கூடப் பின்னால், நான் படிக்காமல் இருந்துவிட்டால் போகிறது, அவர்களும் எழுதட்டும் என்று இறங்கிவந்தார். டாயிலுக்கு ஹோம்ஸ் வீட்டுக்கு வந்த விருந்தாளி, எப்போது கிளம்புவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரைஸுக்குக் கிளாடியா வயிற்றில் சுமந்த பிள்ளை. ஆசிரியர்கள் ஃபேன்ஃபிக்கை ஆதரிக்கிறார்களா எதிர்க்கிறார்களா என்று பட்டியல் போடுகிறவர்கள், அந்தப் பாத்திரம் அவருக்குள் எந்த அறையிலிருந்து எழுந்துவந்தது என்று முதலில் பார்க்கவேண்டும். காப்புரிமையும் காசும் வேறு கணக்கு. ஒருவர் ஆட்களை வைத்து இன்னொருவர் புத்தகம் போட்டு விற்றால் அது தவறுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. பட்டுத் தெரிந்துகொண்டது மூன்று வருஷம் முன்பு.

கைபேசிச் செயலி ஒன்றில் நான் தொடர்கதை எழுதுகிறேன். அதில் ஒரு கதை என் அத்தையைப் பற்றியது. அப்பாவின் தங்கை. இருபத்தாறு வயதில் தாலியை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். பின்கட்டில் ஒரு தையல் மெஷின், ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான் அவர் உலகம். தினமும் சாயங்காலம் உதிரி மல்லி வாங்கி, கால் கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொண்டு, வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் பூ கட்டுவார். எனக்கு ஒரு முழம், அக்காவுக்கு ஒரு முழம், அம்மாவுக்கு ஒன்றரை, சாமிக்கு இரண்டு. முழங்கையால் அளந்து வெட்டி வைப்பார். கதையில் பெயரையும் ஊரையும் மாற்றியிருந்தேன், மற்றதெல்லாம் அவர்தான். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்கிறாள். முப்பத்தொன்றாம் அத்தியாயம். முற்றும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்லூரி மாணவியிடமிருந்து செய்தி. ‘அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க கதை முடிஞ்சதும் என்னால தாங்க முடியல. நான் கொஞ்சம் மேல எழுதிட்டேன். நீங்க வேணாம்னா உடனே எடுத்துடறேன்.’

ஒன்பது அத்தியாயம் எழுதியிருந்தாள். முதல் அத்தியாயத்திலேயே அந்தப் பெண் மெஷினை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை போடக் கிளம்புகிறாள். மூன்றாவதில் வாய்விட்டுச் சிரிக்கிறாள். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. என் அத்தை அப்படிச் சிரிக்கமாட்டார், வாயை முந்தானையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பார். ஐந்தாவதில் டெம்போக்காரர் டீ வாங்கிக் கொடுக்கிறார். போதும் என்று மூடிவிட்டேன். எடுத்துவிடு என்று ராத்திரியே பதில் தட்டினேன். நல்லவேளை, அனுப்பவில்லை. அத்தை இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவரை மறுபடி யாரோ கட்டிலிலிருந்து எழுப்பி, அவர் சம்மதம் கேட்காமல் புடவை மாற்றி வெளியே அனுப்பிவிட்டது போல இருந்தது.

நான்கு நாள் கழித்து மறுபடி எடுத்துப் படித்தேன். ஏழாவது அத்தியாயத்தில் கடையில் வேலை பார்க்கும் சின்னப் பெண் ஒருத்தி கேட்கிறாள்: “இத்தனை வருஷமா எல்லாருக்கும் பூ கட்டியிருக்கீங்களே அத்தை, ஒரு நாளாவது உங்க தலையில வெச்சுக்கணும்னு தோணலையா?” அந்தப் பெண் பதில் சொல்லாமல் கத்தரியைக் கீழே வைக்கிறாள்.

நான் அந்த வீட்டில் அத்தையோடு இருபது வருஷம் இருந்தவள். தினமும் அவர் கையால் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியவள். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. முப்பத்தொரு அத்தியாயம் எழுதியும் அது எனக்குத் தோன்றவில்லை. என் அத்தையைப் பார்த்தே இராத, தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நான் எழுதிய நாலு வரியிலிருந்து அதைக் கேட்டுவிட்டாள். கடம்பூர் மணிமேகலைக்காக நான் ஒரு லீவு முழுக்கக் கோபப்பட்டேன். பின்கட்டில் இருந்தவருக்காகக் கோபப்பட்டதே இல்லை.

ஒன்பதாவது அத்தியாயத்தில் அந்தப் பெண் பூ வைத்துக்கொள்கிறாள். யாரும் வைத்துவிடவில்லை. கடைக் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு முழம் அளந்து, தானே வைத்துக்கொள்கிறாள். அதைப் படிக்கும்போது வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டிருந்தார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில் அவளுக்கு எழுதினேன். எடுக்க வேண்டாம்மா, இருக்கட்டும். ஒன்று மட்டும் மாற்று. நீ நூலில் பூ கட்டுவதாக எழுதியிருக்கிறாய். அவர் நூலைத் தொடமாட்டார், பூ அறுந்துவிடும் என்பார். வாழைநார்தான். முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்.

சாயங்காலத்துக்குள் மாற்றியிருந்தாள். பித்தளைக் கிண்ணத்தில் நார் ஊறிக்கொண்டிருந்தது. கிண்ணம் பித்தளை என்று நான் சொல்லவில்லை.